ஒரு போர்ட்டுக்கு ஒரே முகவரி

"கொஞ்சம் தள்ளுங்க மேடம்... என் சுவிட்சைப் பாக்கணும்."

அவள் நிமிர்ந்தாள். சர்வர் அறை வாசலில், பாதி நனைந்த சட்டையோடு ஒருவன். நெட்வொர்க் பராமரிக்கும் கம்பெனி ஆள்; சர்வரை மற்றக் கணினிகளோடு இணைக்கும் சுவிட்ச் பெட்டி அவன் பொறுப்பு. மழைத்துளி இன்னும் சொட்டும் இமைகள், அதற்குள் குறும்பான கண்கள்... சே, வேலை போகிற நேரத்தில் கண்ணையா பார்ப்பது?

அந்த மருத்துவமனையின் சர்வர் அவள் பொறுப்பு. அந்த ஒரே சர்வருக்குள், தனித்தனிக் கணினிகள்போல் இயங்கும் ஆறு மெய்நிகர் கணினிகள். டாக்டர் சீட்டு முதல் ரத்தப் பரிசோதனை முடிவு வரை எல்லாம் அவற்றில்தான். காலையிலிருந்து சர்வர் மட்டும் பதில் சொன்னது. உள்ளே இருந்த ஆறும் ஊமையாகிவிட்டன. "மத்தியானத்துக்குள்ள சரியாகலன்னா நாளைக்கு வர வேண்டாம்மா" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அவள் சம்பளத்தில்தான் தங்கை படிக்கிறாள்.

"உங்க சுவிட்ச்லதான் கோளாறு."

"சர்வர் பேசுதுல்ல? அப்போ சுவிட்ச் நல்லாத்தான் இருக்கு. நீங்க உள்ள எதையாவது மாத்தியிருப்பீங்க."

"நான் எதையும் தொடல."

"யானைக்கும் அடி சறுக்கும் மேடம்."

"என்னைப் பாத்தா யானை மாதிரியா இருக்கு?"

அவன் சிரிப்பை விழுங்கிக்கொண்டு மடிக்கணினியைத் திறந்தான். கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு காணாமல் போனது.

"மேடம்... காலைல பாதுகாப்புக்காக ஒரு விதி போட்டேன். ஒரு போர்ட்டுல, அதான் கேபிள் சொருகுற துளைல, ஒரே ஒரு கணினியோட முகவரியத்தான் விடணும்னு. உங்க சர்வர் முதல்ல நுழைஞ்சிடுச்சு. அதே கேபிள்ல வந்த ஆறையும் வேத்தாளுன்னு சுவிட்ச் தடுத்துடுச்சு. உள்ள ஆறு பேர் இருக்காங்கன்னு நான் யோசிக்கவே இல்ல."

அந்த விதியை நீக்கினான். ஆறும் ஒவ்வொன்றாய்ப் பேசத் தொடங்கின. அவளுக்கு மூச்சு வந்தது.

அப்போதுதான் மேனேஜர் உள்ளே வந்தார். "யார் தப்பு?"

அவள் அவனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் அவன் தப்பித்துவிடலாம்...

"என் தப்பு சார். மேடம் முதல்லயே சரியாச் சொன்னாங்க. நான்தான் வீம்பு பிடிச்சேன்."

மேனேஜர் அவனை வாங்கு வாங்கென்று வாங்கினார். அவளிடம் திரும்பி, "நீ வேலையைப் பாரும்மா" என்றார்.

மருத்துவமனை வாசலில் மழைக்காக ஒதுங்கி நின்றவனிடம் ஓடினாள்.

"உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாதே?"

"எங்க கம்பெனி முதலாளி என் சொந்த மாமாதான். திட்டுவாரு... சோறு போட்டுட்டுத் திட்டுவாரு."

"ஏன் சொன்னீங்க? சும்மா இருந்திருக்கலாம்ல?"

அவன் மழையைப் பார்த்தபடி சொன்னான். "இருந்திருக்கலாம்... அப்புறம் நான் இங்க வர்றப்போ நீங்க இருக்க மாட்டீங்களே."

அவள் கண்கள் நிறைந்தன. நன்றி என்ற ஒரு சொல் போதவே இல்லை. தனக்காக ஒருவர் இப்படித் திட்டு வாங்கி அவள் பார்த்ததில்லை.

"எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு" என்றாள், குனிந்தபடி.

"அப்போ... அடுத்து எது கெட்டுப்போனா கூப்பிடுவீங்க?"

"எதுவும் கெட்டுப்போகலன்னாலும் வாங்க."