நுனிப்புல் மேய்ந்தவன்

மேற்கே கதிரவன் விட்டுச் சென்ற செம்மை இன்னும் கலையவில்லை. அதற்குள் கிழக்கே பனந்தோப்பின் தலைக்கு மேல் எழுந்துவிட்ட முழுநிலவு, தேனாற்றின் அலைதோறும் வெள்ளியை உருக்கி வார்த்துக்கொண்டிருந்தது. அந்த ஆற்றின் மீது முதுகைச் சாய்த்துக்கொண்டு பகைவனை முறைத்து நின்றது செம்பாறைக் கோட்டை. மலைநாட்டுத் தலைவன் மசணன் மற்ற மூன்று புறமும் வளைத்து ஒரு திங்களாகிறது. வந்த புதிதில் மழையாய்ப் பொழிந்த அம்புகள் இப்போது அடியோடு நின்றுவிட்டன. பகைவன் களைத்துவிட்டான் என்று கோட்டையில் சிலர் மகிழ்ந்தார்கள். வாசகர்களே, வாளை உருவியவன் சும்மா இருக்கும்போதல்லவா நாம் பயப்பட வேண்டும்?

கிழக்கு மண்டபத்தில் கோட்டைத் தலைவர் நெடுவேள் அரையர் வீற்றிருந்தார். ஒருவனுக்கு ஒரு வித்தை என்பது அவர் கொள்கை. தம் ஒரே மகள் நல்லமங்கைக்குக்கூட யாழைத் தவிர வேறொன்றும் அவர் கற்பிக்கவில்லை.

முரசு ஆசான் முதலில் வணங்கினார். "அரசே, கிழக்கு வாசல் பெருமுரசு யாரும் தொடாமலே முனகுகிறது. தோலில் ஈரம் ஏறியிருக்கிறது. வெயிலில் வைத்தால் சரியாகும்."

"குதிரைகள் எப்படி இருக்கின்றன?"

"கிழக்கு லாயத்தில் ஒன்றும் படுக்க மாட்டேன் என்கிறது, அரசே" என்றார் லாயத் தலைவர். "தரையைத் தட்டிக்கொண்டே நிற்கின்றன. வயிற்று வலிதான். கஷாயம் கொடுத்திருக்கிறேன்."

கிணறு வெட்டும் மாசாத்தன் தலையைச் சொறிந்தான். "கிழக்குக் கிணறும் கலங்கிப் போச்சுங்க. கோடை வந்தால் அப்படித்தான். தூர் வாரிவிடுகிறேன்."

"மூவர் சொன்னதும் சரி" என்றார் அரையர் நிறைவோடு. "அவரவர் வேலையை அவரவர் பாருங்கள். முல்லையூராரைப் போலவா நாம்? அங்கே அரசகுமாரனை ஒரு பருவம் லாயத்துக்கும், ஒரு பருவம் கிணறு வெட்டவும், ஒரு பருவம் முரசுக்குத் தோல் கட்டவும் அனுப்புவார்களாம். நுனிப்புல் மேய்கிற கூட்டம்."

மண்டபம் சிரித்தது. தூணோரம் மத்தளத்துக்கு வார் இழுத்துக்கொண்டிருந்த இளைஞன் மட்டும் சிரிக்கவில்லை. ஆச்சன் என்ற பெயரோடு, முற்றுகைக்குச் சற்று முன் வந்து சேர்ந்த மத்தளக்காரன் அவன். அவன் பார்வை, கிழக்கு வாசலின் மேல் நிலவொளியில் மின்னிய நீண்ட இரும்பு ஈட்டியின் மீது போய் நின்றது.

அந்த ஈட்டியின் கதை கோட்டையில் எல்லோருக்கும் தெரியும். ஆற்று நீருக்காக முல்லையூராரோடு மூண்ட பழைய போரில் அரையரின் தம்பி மாண்டார். அந்தக் குலத்தவன் எவன் சிக்கினாலும் அவன் தலையை ஏற்றுவதற்கென்று அரையர் அன்றே நட்டது அது. இன்னும் வெறுமையாகக் காத்திருந்தது.

"என் யாழின் தளர்ந்த நரம்பை யாரோ திருத்தியிருக்கிறார்" என்று பின்னாலிருந்து மெல்லிய குரல் கேட்டது. நல்லமங்கை. "மத்தளக்காரருக்கு அது தெரியாதே?"

"தேவி, யாழைப் பற்றிப் பிறகு பேசலாம்."

"இப்போது எதைப் பற்றிப் பேசத் துடிக்கிறீர்? பேசினால் தலை போய்விடும் போல முகம் வெளுத்திருக்கிறதே."

"தலைதான் போகும். பேசாவிட்டால் கோட்டை போகும்."

அவள் அவனையும் ஈட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். கையிலிருந்த யாழை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

ஆச்சன் எழுந்து முன்னால் வந்தான். "அரசே, முரசில் ஈரமில்லை. தோலைத் தொட்டுப் பார்த்துவிட்டேன். வயிற்று வலி வந்த குதிரை புரளும்; இவை நிற்கின்றன. கோடையில் கிணறு வற்றும். இது வற்றாமல் கலங்குகிறது. மூன்றும் கிழக்கே. நம் காலடியில் மசணன் சுரங்கம் வெட்டுகிறான்."

"உன் வாரை இழுத்துக் கட்டு, போ" என்று சீறினான் படைத்தலைவன் சேந்தன்.

ஆச்சன் வாதாடவில்லை. மத்தளத்தைத் தரையில் நிறுத்தி, அதன் தோல் மீது மடைப்பள்ளியில் வாங்கிய ஒரு பிடி கடுகைத் தூவினான். கடுகு அசையவில்லை. சேந்தன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். ஆச்சன் மத்தளத்தைக் கிழக்குக் கிணற்றடிக்குக் கொண்டுபோய் மறுபடியும் தூவினான். அங்கே கடுகு துள்ளியது. யாரும் தொடாத தோலின் மேல், வாணலியில் விழுந்ததைப் போல.

அரையர் எழுந்துவிட்டார். "என்ன செய்ய வேண்டும்?"

"கிணற்றின் கிழக்குச் சுவரை நீருக்கடியில் உடைத்து, கோட்டைக் குளத்தின் மதகைக் கிணற்றுக்குள் திருப்ப வேண்டும். சுவருக்குப் பின்னால் ஓடும் சுரங்கம் வெள்ளத்தில் மூழ்கிவிடும்."

"நீ உடைப்பாயா?" என்றான் மாசாத்தன்.

"அண்ணே, நான் உடைத்தால் கிணறே என் தலையில் விழும். எங்கே உடைப்பது என்றுதான் எனக்குத் தெரியும். எப்படி என்பது உமக்குத்தான் தெரியும்."

மாசாத்தன் முகம் மலர்ந்தது. மறுகணமே சுருங்கியது. "என் கடப்பாரை குட்டை, தம்பி. அவ்வளவு ஆழத்துக்கு எட்டாது. நீள இரும்பு வேணும்."

ஆச்சன் ஒரு கணம் தயங்கினான். பிறகு வாசலுக்கு மேலே கையை நீட்டினான். "அதோ இருக்கிறது."

அரையரின் தாடை இறுகியது. "எடுங்கள்" என்றார்.

இடுப்பில் கயிறு கட்டி மாசாத்தன் இறங்கினான். மூன்றாவது குத்தில் கிணறு உறுமியது. அவனை மேலே இழுத்துப் போடுவதற்குள், திறந்துவிட்ட மதகின் வெள்ளம் கிணற்றில் குதித்து மண்ணுக்குள் மறைந்தது. சற்று நேரத்தில் பனந்தோப்பின் நடுவே கூக்குரல் கிளம்பியது. சேறும் நீருமாக ஆட்கள் பூமிக்குள்ளிருந்து பீறிட்டு ஓடினார்கள். சேந்தனின் குதிரைப்படை கிழக்கு வாசல் வழியே பாய்ந்தது. நிலவு உச்சிக்கு ஏறுமுன் மசணனின் கூடாரங்கள் எரிந்தன; மசணன் மலைப்பாதையில் காலணியும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தான்.

வெற்றி ஆரவாரத்துக்கு நடுவே அரையர் மத்தளக்காரனின் எதிரே வந்து நின்றார்.

"தோல் தெரிகிறது, குதிரை தெரிகிறது, மண் தெரிகிறது. பிள்ளையை இப்படி வளர்க்கும் குலம் நானறிய ஒன்றுதான். உன் பெயரென்ன?"

பொய் சொல்ல அவனுக்கு நேரம் இருந்தது; சொல்லவில்லை. "வீரவிடங்கன். முல்லையூர் அரசரின் இளைய மகன். ஆற்றுத் திருவிழாவில் தங்கள் மகளின் யாழைக் கேட்டேன். மறுபடியும் கேட்க வந்தேன்."

சேந்தனின் வாள் பாதி உருவப்பட்டது. அரையர் வெறுமையாய் நின்ற வாசலை நிமிர்ந்து பார்த்தார். "மாசாத்தா, ஈட்டி எங்கே?"

"வெள்ளம் கொண்டுபோய்விட்டதுங்க. இனி அது பூமிக்குத்தான் சொந்தம்."

அரையர் பார்வையைத் தாழ்த்தினார். "தம்பி இருந்திருந்தால் இன்று அவனும் இந்தக் கோட்டைக்குள்தான் இருந்திருப்பான்; அவன் உயிரையும் இவன்தான் காத்திருப்பான்" என்று முணுமுணுத்தார். பிறகு அவர் மீசை துடித்தது. "ஈட்டி இல்லையே. இந்த முல்லையூரான் தலையை இனி எங்கே வைப்பது?"

"அவர் கழுத்திலேயே இருக்கட்டும், தந்தையே" என்றாள் நல்லமங்கை.

அவள் பெருமுரசின் மீது வலக்கையை வைத்தாள். "இதன் மேல் ஆணையிட்டுச் சொல்கிறேன். மணந்தால் இவரை மணப்பேன். யாழோடு குதிரையும் கற்பேன், மண்ணும் கற்பேன். என் வயிற்றில் பிறக்கும் பிள்ளைகள் அத்தனை புல்லையும் மேய்வார்கள்."

அரையர் வாய்விட்டுச் சிரித்தார். முரசு ஆசான் கோலை ஓங்கினார். மாலை வரை தானாக முனகிக்கொண்டிருந்த பெருமுரசு, தேனாற்றின் அக்கரை வரை அதிர முழங்கியது.