கடைசி ஒழுகுமூக்கு

மூக்கொழுகும் குழந்தை ஒன்று அகப்பட்டுவிட்டது என்று தகவல் வந்ததும் நாசிச்செம்மல் டாக்டர் கோமதிநாயகம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அழுதுவிட்டார். நாசிச்செம்மல் என்பது மாநிலத்துப் பிள்ளைகளின் மூக்குகளையெல்லாம் சுத்தம் பண்ணியதற்காக அரசு கொடுத்த பட்டம். பட்டத்தை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் போட்ட அழைப்பிதழ்களை அவர் திருப்பி அனுப்பிய காலம் ஒன்று உண்டு.

அவர் கொண்டுவந்த கருவிக்கு மூக்குத்துலக்கி என்று பெயர். கட்டைவிரல் பருமன்தான். குழந்தையின் மூக்கருகே வைத்தால் உள்ளே குடியிருக்கும் நிமோனியாக் கிருமி எந்த வகை என்று சொல்லும். பொத்தானை அழுத்தினால் அதைத் தின்றுதீர்க்கும் நுண்ணுயிரைப் பீய்ச்சும். அந்தக் கிருமியில் நூறு வகை தேறும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு தினுசான சர்க்கரை உறையைச் சட்டையாகப் போட்டிருக்கும். சின்னப் பிள்ளைகள் அண்ணன் அக்காவிடமிருந்தோ பால்வாடிக் கூட்டாளியிடமிருந்தோ ஒன்றை வாங்கி, சில வாரம் சுமந்து, அதைத் தொலைத்துவிட்டு வேறொன்றை வாங்கிக்கொள்ளும். பெரும்பாலும் ஒரு கேடும் வராது. சில வகை மட்டும் நுரையீரலில் இறங்கிக் கொல்லும்.

"சில வகை எதற்கு? மொத்தமாக விரட்டுவோம்!" என்று மேடையில் முழங்கினார் கோமதிநாயகம். ஆய்வகங்களில் சேமித்து வைத்திருந்ததையும் அமைச்சர் முன்னிலையில் உலையில் போட்டு எரித்தார்கள். உலகம் முழுக்க அதே கருவி, அதே விழா. அமைச்சர்கள்தான் வேறு வேறு.

காலி மூக்கு காலியாகவே இருக்கும் என்று நினைத்ததுதான் பிசகு. சாதுவான வகைகள் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தவரை உள்ளே வர முடியாமல் நின்ற கொல்லும் வகை ஒன்று, இப்போது ஆளில்லாத வீட்டுக்குள் நுழைவதுபோல் நுழைந்தது. துலக்கிக்கு அடங்கவில்லை, மருந்துக்கும் மசியவில்லை. தடுப்பூசி இன்னும் காகிதத்தில்தான் இருந்தது. சென்னையில் பால்வாடிகள் பூட்டிக் கிடந்தன. கோமதிநாயகத்தின் மகள் நவீனா குடியிருந்த அடுக்ககத்தில் சின்னக் குழந்தை என்று மிச்சமிருந்தது அவள் மகன் யுகன் ஒருவன்தான்.

இந்த நிலையில்தான் தென்காசிப் பக்கத்துச் செங்கல் சூளையில் முப்பிடாதி கிடைத்தாள். இரண்டு வயது. பெற்றோர் சூளை சூளையாக இடம் மாறியதால் துலக்கியிடம் தப்பியவள். அவள் மூக்கில் பழைய சாதுவகை ஒன்று சுகமாகக் குடியிருந்தது. சோதனைக் குச்சியில் எடுத்தது வழியிலேயே செத்துப்போயிற்று. உயிரோடு இருப்பது அவள் மூக்கில் மட்டும். யுகனை அவளோடு விளையாட விட்டால் அவனுக்கு ஒட்டும், புதியது நுழைய இடமிருக்காது. அவனிடமிருந்து மற்ற பிள்ளைகளுக்கு.

'அதிகாரி வருகிறார், குழந்தை தயாராக இருக்கட்டும்' என்று சூளை மேஸ்திரிக்குச் செய்தி போயிற்று. எதற்கு என்று சொல்லவில்லை. எதற்கு என்று சொல்லும் வழக்கம் சுகாதாரத் துறையில் கிடையாது.

காரில் யுகனை மடியில் வைத்திருந்த நவீனா கேட்டாள்: "அப்பா, அவ கடிச்ச முறுக்கை இவன் வாயில வெச்சாப் போதுமா?"

"போதும்மா. எச்சில்தான் வேணும்."

"எச்சில் பண்ணாதேன்னு டிவில பாட்டுப் போட்டவர் நீங்கதானே?"

கோமதிநாயகம் டிரைவரை வேகமாகப் போகச் சொன்னார்.

சூளை வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். மேளம் முழங்கியது. மேஸ்திரி சுடலைமுத்து பொன்னாடையும் கையுமாக ஓடிவந்தார். பின்னால் முப்பிடாதியைத் தூக்கிக்கொண்டு அவள் தாய் பேச்சியம்மாள். பிள்ளைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, முகமெல்லாம் பவுடர் அப்பி, கன்னத்தில் மைப்பொட்டு வைத்திருந்தார்கள். மூக்கு பளபளத்தது.

"வாங்கய்யா! ஒரே ஒழுக்கல் பிள்ளைய்யா இது. பெரிய ஐயா வாரீகன்னதும் எங்களுக்கு மானமே போச்சி. பஞ்சாயத்து ஆபீஸ்ல கெஞ்சி அந்த மிஷின வாங்கியாந்து அடிச்சி விட்டோம்லா. இப்பப் பாருங்க, கண்ணாடி!"

"எப்போ?"

"நேத்து ஒருக்க, காலைல ஒருக்க. ஐயா படம் போட்ட நோட்டீஸ்ல அப்படித்தான போட்டிருக்கு?"

கோமதிநாயகம் தன் பையிலிருந்த துலக்கியை எடுத்து முப்பிடாதியின் மூக்கருகே பிடித்தார். பச்சை விளக்கு எரிந்தது. திரையில் 'காலி' என்று வந்தது. கூட்டம் கைதட்டியது. பொன்னாடை அவர் தோளில் விழுந்தது.

"அப்பா?" என்றாள் நவீனா.

கோமதிநாயகம் திரையைத் துடைத்துவிட்டு மறுபடி பிடித்துப் பார்த்தார். 'காலி'தான்.

அதற்குள் பிள்ளைகள் இரண்டும் கீழே இறங்கியிருந்தன. முப்பிடாதி கையிலிருந்த முறுக்கை நீட்டினாள். யுகன் வாங்கிச் சப்பினான். பழக்கதோஷத்தில் தடுக்கப் போன அப்பாவின் கையை நவீனா பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும்ப்பா. எங்கயாவது கொஞ்சம் ஒட்டியிருக்கும். இருக்கும்ல?"

கோமதிநாயகம் கைக்கு ஒரு வேலை வேண்டுமே என்று துலக்கியைப் பேரனின் மூக்கருகே கொண்டுபோனார். கிளம்பும்முன் வீட்டில் பார்த்தபோது காலியாகத்தான் இருந்தது.

துலக்கி கீச்சிட்டது. சிவப்பு. பால்வாடிகளைப் பூட்டவைத்த அந்தப் புதிய வகைக்கென்றே துறை ஒதுக்கி வைத்த நிறம்.

யுகன் சப்பி நனைத்த முறுக்கை வாங்கி முப்பிடாதி தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

கீச்சொலி கேட்டுப் பதறி ஓடிவந்த பேச்சியம்மாள் மகளை வாரியெடுத்து, முந்தானையால் அவள் மூக்கை அழுத்தித் துடைத்தாள்.

"எங்க பிள்ளையாய்யா? தப்பா நெனச்சிக்கிடாதீக, இன்னொருக்க அடிச்சிருதேன்."