சிலந்திக்கு உகந்த இரை

வெட்டுக்கிளி தேறவில்லை.

மகிழினி இரைச்சோதனியின் தட்டை இழுத்து, அந்தப் பச்சை வெட்டுக்கிளியை மறுபடி புட்டிக்குள் விட்டாள். சோதனி பூச்சியைக் கொல்வதில்லை. காலை ஒருமுறை வருடிப் பார்த்து, உடம்பில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடும்.

“இரை உகந்ததன்று. உடலில் பூச்சிக்கொல்லி. நோன்பு வைத்தாலும் நீங்காது” என்றது கனிவான பெண் குரலில்.

“உனக்குமா?” என்றாள் வரிசையில் பின்னால் நின்ற எதிர்வீட்டு ஸஹ்ரா. “எனக்கும் இதே பாட்டுத்தான் மகி. ஷாலிமார் பட்டினி கெடக்கா. நேத்து என்னப் பாத்து முன்னங்காலத் தூக்குறா, அடிக்க வர்ற மாதிரி.”

ஷாலிமார், ஸஹ்ராவின் டரன்டுலா. கோவையின் நொய்யல் நிழல் அடுக்ககத்தில் வீட்டுக்கு ஒன்று உண்டு. ஒலியடக்கச் சட்டம் வந்து, நாயும் பூனையும் கிளியும் அடுக்ககங்களில் கூடாது என்றான பிறகு, குரலே இல்லாத இந்த மயிரடர்ந்த பெரிய சிலந்திகள்தான் ஊரெங்கும் செல்லப்பிராணிகள். பண்ணையில் வளர்ந்த சுவர்க்கோழிப் பூச்சிகளை ஒரு நோய் ஒட்டுமொத்தமாக அழித்துவிட்டதால், இரையை வெளியில்தான் பிடித்தாக வேண்டும். வெளியில் பிடித்த பூச்சிக்குள் புழு இருக்கலாம், மருந்து இருக்கலாம். அதனால் அதைச் சில நாள் நோன்புக் கூட்டில் அடைத்து, கழுவிய கீரை மட்டும் கொடுத்து வயிற்றைச் சுத்தமாக்குவார்கள். பிறகு சோதனியில் பச்சை விளக்கு எரிந்தால்தான் சிலந்திக்கு. நோன்புக் கூட்டுக்கென்று மருந்தடிக்காத கீரை தனியாக விற்றது. அதன் விலை அதிகம் என்பதால் பிள்ளைகளுக்குச் சமைக்கிற கீரையை வேறு கடையில் வாங்கினார்கள். இதில் யாருக்கும் வெட்கம் இருந்ததாகத் தெரியவில்லை.

அன்று மாலை குடியிருப்போர் சங்கம் கூடியது. தலைவர் கவின்ராஜ், பணி ஓய்வு பெற்ற பொறியாளர், எழுந்து நின்றார்.

“எம்பட மகாராணி செத்துப் போச்சுங்க. பதினாறு வருசம் வளத்துனேன். பூங்காவுல புடிச்ச ஒரே ஒரு தத்துக்கிளி. சோதனி அன்னைக்கு ரிப்பேரு, ஒண்ணும் ஆகாதுன்னு போட்டுட்டேன். பாருங்க, நீங்களே பாருங்க.”

சுவர்த்திரையில் மகாராணி தெரிந்தது. எட்டுக் கால்களும் ஒன்றோடொன்று சேராமல் வெட்டி வெட்டி இழுத்தன. எழுந்து நிற்கப் பார்த்தது. ஒரு கால் மட்டும் தனியாக ஆடியது. பார்த்தவர்கள் முகத்தைப் பொத்திக்கொண்டார்கள். சிலர் அழுதார்கள். பிறகு எல்லாருக்கும் கோபம் வந்தது. பூங்காவில் தானாகப் பறந்து மருந்து தெளிக்கும் தெளிதும்பி எந்திரங்களை உடனே நிறுத்த வேண்டும் என்று கத்தினார்கள்.

நிறுத்துவதற்கு வழி இருந்தது. இரைக் காப்புச் சட்டப்படி, செல்லப்பிராணியின் இரை வாழும் இடத்தைச் சோதனியிலேயே இரைப்புலமாகப் பதியலாம். பதிந்த நொடியில் அந்த எல்லைக்குள் ஒரு தெளிதும்பியும் பறக்காது. ஆனால் பூங்கா முழுவதையும் பதிந்தால் கொசு வரும், எறும்பு கடிக்கும் என்று பெற்றோர்கள் சொன்னார்கள். ஆகவே மரங்களும் புதரும் உள்ள பாதியை மட்டும் பதிந்து, பிள்ளைகள் பூச்சிகளை மிதித்துவிடாமல் கம்பிவேலி போடுவது என்றும், ஊஞ்சலும் சறுக்குமரமும் உள்ள பாதியில் வழக்கம்போலத் தெளிப்பது என்றும் முடிவாயிற்று. மகிழினியும் கை தூக்கினாள். அவள் வீட்டில் சிலந்தி கருப்பாயி பசியோடு இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது மகள் செவ்வந்தி பால் குடித்துக்கொண்டிருந்தாள். ஏழு வயது. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பால் விளிம்பில் தளும்பியது. வலது கையின் ஒரு விரல் மட்டும் தனியாக ஆடியது.

இந்த நடுக்கம் வந்து வெகு நாளாயிற்று. பென்சில் நிற்பதில்லை. “கவனமில்லை” என்றாள் பள்ளி ஆசிரியை. “இரத்தத்தில் கொஞ்சம் மருந்து இருக்கிறது, ஆனால் அனுமதித்த அளவுக்குள்தான்” என்றார் மருத்துவர். அளவுக்குள் என்றதும் மகிழினி நிம்மதியாக வீட்டுக்கு வந்திருந்தாள்.

இப்போது அவள் அந்த விரலைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“என்னம்மா?”

“ஒண்ணுமில்ல கண்ணு. கையக் காட்டு, நகம் வெட்டி விடறேன்.”

மறுநாள் காலை கீழ்த்தளக் கூடத்தில் சோதனியின் முன்னால் வழக்கமான வரிசை. இரவோடிரவாக வேலி போட்ட பாதியில் இனி நல்ல இரை கிடைக்கும் என்று எல்லாரும் உற்சாகமாக இருந்தார்கள். மகிழினி தன் முறை வந்ததும் தட்டில் நகத்துணுக்குகளைப் போட்டாள்.

“இரை உகந்ததன்று. உடலில் பூச்சிக்கொல்லி. நோன்பு வைத்தாலும் நீங்காது.”

“வண்டா மகி?” என்று எட்டிப் பார்த்தாள் ஸஹ்ரா.

“செவ்வந்தியோட நகம்.”

ஸஹ்ராவுக்கு அது புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் கையிலிருந்த புட்டியைத் தரையில் வைத்துவிட்டு மகிழினியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கூடத்தில் அன்று அந்தக் கை ஒன்றுதான் கடவுளுக்கு அருகில் இருந்தது.

கவின்ராஜ் முன்னால் வந்தார். “ஏனுங்கம்மா, அது மனுசருக்கான மெசின் இல்லீங்களே. அதுல போயி…”

“மனுசருக்கான மெசின் அளவுக்குள்ள இருக்குன்னு சொல்லுதுங்க.”

“அப்பறமென்ன? டாக்டரே சொல்லிட்டாருல்ல?”

“மகாராணிக்கு எவ்வளவு அளவுங்க சார்?”

“சிலந்திக்கு அளவே கெடையாதுங்க. துளி இருந்தாலும் ஆகாது.”

“ஏன்?”

“அது வாயில்லாத சீவனுங்க.”

“எம் பொண்ணுக்கு வாய் இருக்கு!” மகிழினியின் குரல் கூடத்தின் கண்ணாடியில் மோதித் திரும்பியது. “கை நடுங்குதும்மா, எழுத வரலைம்மான்னு வாயாலதான் சொன்னா. கேட்டமா? நீங்க கேட்டீங்களா? நான் கேட்டனா? உங்க சிலந்தி செத்ததுக்கு இத்தன பேரு அழுதமே, நானும்தான் அழுதேன். அதே மருந்துல எம் புள்ள ஊஞ்சல் ஆடிட்டிருக்கா. கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் மருந்து எம் புள்ளைக்கு. அந்தப் பக்கம் காவல் பூச்சிக்கு!”

“பூங்காவுக்கு அனுப்பாதீங்க, அவ்வளவுதானே” என்றது வரிசையில் ஒரு குரல்.

“ஊஞ்சலுக்கு நேர் மேல என் வீடு. சன்னலுக்கு எங்க போறது?”

“அந்தப் பாதியையும் பதிஞ்சிடலாம்” என்றாள் ஸஹ்ரா. “தலைவரே, பதிங்க.”

கவின்ராஜ் சங்கடத்தோடு தலையை ஆட்டினார். “முடியாதுங்க. அங்க பூராவும் ரப்பர் தரை. பூச்சியே இல்ல. இரை இல்லாத எடத்தச் சோதனி ஏத்துக்காது. சட்டம் அப்படி. நான் என்ன பண்ணட்டும்?”

அவர் சொன்னது உண்மைதான். பிள்ளைகள் விளையாடும் இடத்தைப் பதிய எந்தச் சட்டமும் இல்லை. அப்படி ஒன்று வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை.

சோதனி பொறுமையாகக் காத்திருந்தது. “இந்த இரை வாழும் இடத்தைப் பதிவு செய்ய விரும்புகிறீர்களா?” என்று கேட்டது.

மகிழினி அதைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஆமா.”

“இடம்?”

“ஊஞ்சல் திடல். அதுக்கு மேல இருக்கிற வீடு.”

“இரையின் இனம்?”

“அம்மணி, வேண்டாம்” என்றார் கவின்ராஜ் மெதுவாக.

“மனுசக் கொழந்தை.”

“எந்தச் சிலந்திக்கு?”

“கருப்பாயி. முதல் தளம், மகிழினி வீடு.”

சோதனி சற்று யோசித்தது. “இரை சிலந்தியின் வயிற்றைவிடப் பெரியது. முழுதாகக் கொடுக்க வேண்டாம். நறுக்கிச் சிறிது சிறிதாகக் கொடுக்கவும்.”

ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். மகிழினி தட்டின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தாள்.

“பதிவு ஏற்கப்பட்டது. தெளிப்பு தடை செய்யப்படுகிறது. உங்கள் சிலந்தி நலமாக வாழ்க.”

வெளியே, சறுக்குமரத்தின் மேல் வெண்புகை விட்டுக்கொண்டிருந்த தெளிதும்பிகள் பாதியில் நின்றன. எழும்பின. திரும்பி வாகன நிறுத்தத்தின் பக்கம் போய்விட்டன. மருத்துவரின் இரத்தச் சோதனை செய்யாததை, ஒரு தாய் தன் பிள்ளையைச் சிலந்திக்கு இரை என்று சொன்ன சொல் செய்துவிட்டது. மகிழினிக்கு வெற்றி என்று தோன்றவில்லை. யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை. அந்தக் கம்பிவேலிக்குத் தூக்கிய கைகளில் அவள் கையும் ஒன்று.

அடுத்த சில நாட்களில் வரிசை நீண்டது. புட்டி கொண்டு வந்தவர்கள் குறைந்து, பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் பெருகினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். எல்லாருக்கும் சிவப்பு விளக்கே எரிந்தது. படிக்கட்டும் மொட்டை மாடியும் பள்ளிப் பேருந்து நிற்கும் இடமும் ஒவ்வொன்றாக இரைப்புலம் ஆயின. பிள்ளை இல்லாத ஒரு கிழத் தம்பதி, தங்கள் சிலந்தியின் பெயரில் யார் வேண்டுமானாலும் பதியலாம் என்று கதவில் எழுதி ஒட்டினார்கள். சங்கத்தின் எந்தத் தீர்மானத்தையும்விட அந்தக் காகிதத்தில் தர்மம் இருந்தது.

தெளிதும்பிகள் மிச்சமிருந்த வாகன நிறுத்தத்துக்கே எல்லா மருந்தையும் கொண்டுபோய்க் கொட்டின. அதைப் பார்த்தாற்போல் இருந்தது கவின்ராஜின் வீடு.

ஒரு மாலை மகிழினியின் கதவை அவர் தட்டினார். அவர் பின்னால் பேத்தி நந்தவனா, செவ்வந்தியின் வயதுதான், சுவரோடு ஒட்டி நின்றாள்.

“கதவுல எழுதி ஒட்டுனாங்களே, அந்த அய்யாவூட்டுச் சிலந்தி நேத்து தோலுரிக்கும்போது செத்துப்போச்சாமுங்க” என்றார். “எனக்கும் மகாராணி இல்ல. சிலந்தி இல்லாம இரை பதிய முடியாதுன்னு மெசின் சொல்லுது. அதான்… உங்க கருப்பாயி பேர்ல…”

மகிழினியின் வாய்வரை சொற்கள் வந்தன. வாயில்லாத சீவன் என்று அவர் சொன்னதை அப்படியே அவர் முகத்தில் எறிய வேண்டும் போலிருந்தது. அப்போது நந்தவனா செருப்பின் வாரைக் கழற்றக் குனிந்தாள். விரல்களுக்கு வார் பிடிபடவில்லை. மறுபடி முயன்றாள். பிடிபடவில்லை.

மகிழினி குனிந்து வாரைக் கழற்றிவிட்டாள். நகவெட்டியை எடுத்து வந்து, அந்தச் சிறு கையைத் தன் மடியில் வைத்து, வலிக்காமல் வெட்டினாள்.

“வாங்க போலாம்” என்றாள். “ஆனா நான் சொல்ல மாட்டேன் சார். நீங்கதான் சொல்லணும்.”

கீழே கூடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. சோதனி இடத்தைக் கேட்டது; சொன்னார். சிலந்தியைக் கேட்டது, சொன்னார்.

“இரையின் இனம்?”

கவின்ராஜ் பேத்தியின் தலைமேல் கை வைத்தார்.

“பேத்தி” என்றார்.

“அப்படி ஓர் இனம் இல்லை” என்றது அந்தக் கனிவான குரல். “மறுபடி சொல்லவும்.”