ஸ்கிரீன்ஷாட்டில் வெறுந்தொட்டில்

"ஏ ஷீலா, பிள்ளையத் தூக்கிட்டு வெறுந்தொட்டில எதுக்குப் படம் பிடிச்சு அனுப்புற?"

புருஷன் செல்வினின் குரல் பதிவு அவ்வளவுதான். ஜெபஷீலாவுக்குச் சுருக்கென்றது. பிள்ளையை அவள் தூக்கவேயில்லை.

போடி கடைவீதியில் அவர்களுடைய மேட்சிங் சென்டர், வீட்டின் முன்னறையிலேயே நடந்தது. ஜாக்கெட் துணி, லைனிங், நூல்கண்டு. இடைகழியைத் தாண்டினால் பின்னறை. அங்கே சேலைத் தொட்டிலில் ஜெர்லின், இப்போதுதான் தவழப் பழகிய பிள்ளை. தொட்டிலில் கட்டிய கயிறு கல்லா வரைக்கும் வரும். வியாபாரம் பார்த்துக்கொண்டே இழுத்து ஆட்டுவாள். பின்னறைச் சுவரில் ஒரு கேமரா, கல்லாவில் அதைப் பார்க்க ஒரு டேப்லெட். இரண்டும் செல்வின் வாங்கி வைத்தது. அவனுக்கு மலைமேல் ஏலக்காய் எஸ்டேட்டில் ஸ்டோர் வேலை. அங்கே வீடியோ கால் எடுக்காது, படம் மட்டும் தட்டுத்தடுமாறிப் போய்ச் சேரும். அதனால் டேப்பில் ஓடுகிற காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவாள். பிள்ளை முகம் தெரியாது, சேலை கனத்துத் தொங்குவதுதான் தெரியும். அந்தக் கனத்தைப் பார்த்தால்தான் அந்த மனுஷனுக்குச் சோறு இறங்கும்.

டேப்பைப் பார்த்தாள். தொட்டில் கனத்து, மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அனுப்பிய படத்தைத் திறந்தாள். அதில் சேலை காயப்போட்ட துணி மாதிரித் தட்டையாகக் கிடந்தது.

மூதேவி, வாங்கின நாளிலிருந்தே இது சரியில்லை என்று டேப்பைத் திட்டினாள். திட்டினாலும் நெஞ்சு அடங்கவில்லை. ஆடிக் காற்று போடிமெட்டிலிருந்து இறங்கி, கடைவீதித் தகரங்களையெல்லாம் தடதடக்க வைத்து, தொங்கவிட்ட துணிகளுக்குள் புகுந்து புறப்பட்டு, ஈரமும் ஏலக்காய் வாசமுமாக இடைகழி வழியே பின்னறைக்குள் போய், அங்கே எதையோ தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிற மாதிரி இருந்தது. எழுந்து போனாள்.

சேலையை விலக்கினாள். ஜெர்லின் கட்டைவிரலைச் சப்பியபடி தூங்கிக்கொண்டிருந்தாள். போன உயிர் திரும்பி வந்தது ஜெபஷீலாவுக்கு. குனிந்து உச்சந்தலையை முகர்ந்தாள். பால் வாசம் இல்லை. நாள் கணக்கில் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த வாசம். சாரல் நேரத்தில் எல்லாமே நமுத்துத்தான் போகும் என்று சொல்லிக்கொண்டாள். திரும்பும்போது சேலைக் கொசுவத்தை ஏதோ லேசாக இழுத்தது. காற்றுதான். உதறிவிட்டு வந்தாள்.

கடையில் பக்கத்துத் தெரு சண்முகத்தாய் லைனிங் துணி வாங்க நின்றிருந்தாள். ஜெபஷீலா துணியைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, கை பழக்கத்தில் கயிற்றை இழுத்தபடியே படத்தைக் காட்டினாள்.

"இதப் பாருங்கக்கா. இத அனுப்பிட்டேன்."

"அவுக பதறியிருப்பாகளே." சண்முகத்தாய் கயிற்றைப் பார்த்தாள். "ஏ ஆத்தா, வெறுந்தொட்டிலயா ஆட்டிக்கிட்டிருக்க? பிள்ளைக்கு ஆகாதுடி."

"பிள்ளை உள்ளதான் கெடக்கு. இப்பத்தான் பாத்துட்டு வாறேன்."

"அப்பக் கொண்டாந்து மடியில வச்சுக்க. எனக்கு என்னமோ மனசு ஒப்பல."

அவள் முக்காடு போட்டுக்கொண்டு சாரலில் இறங்கிப் போனாள். ஜெபஷீலா கயிற்றை விட்டாள். டேப்பில் தொட்டில் நிற்கவில்லை. கயிறு தொய்ந்து கிடக்க, அதுபாட்டுக்கு ஆடியது.

ஸ்கிரீன்ஷாட் எடுக்க டேப்பின் இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்தினாள். டிக்.

படத்தில் தொட்டில் காலி. அதற்குக் கீழே, தரையில், ஜெர்லின். அழுது அழுது முகம் வீங்கி, இடைகழியைப் பார்த்து ஒரு கையை நீட்டியிருந்தாள்.

கொசுவத்தை இழுத்தது காற்று இல்லை. பெற்ற பிள்ளையை உதறிவிட்டு வந்திருக்கிறாள்.

டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அறையில் தரை வெறுமையாக இருந்தது. தொட்டில் கனமாக ஆடியது. அழுகைச் சத்தம் எதுவும் இல்லை. உத்தரத்து ஆணி மட்டும் கிறீச்சிட்டது.

டிக்.

படத்தில் அறை நடுவே இவள் நிற்கிறாள். பிள்ளை இவளைத் தாண்டிப் போய்விட்டது. முதுகைக் காட்டிக்கொண்டு, பின்வாசல் நிலைப்படியில்.

திறந்து கிடந்த பின்வாசலுக்கு வெளியே, தரைக்கடியில் தண்ணீர் சம்ப். அதை மூடிய பலகையைக் காற்று அப்பால் தள்ளியிருந்தது.

"ஏசப்பா, ஏசப்பா." மண்டியிட்டு நிலைப்படியை இரண்டு கையாலும் துழாவினாள். எதுவும் அகப்படவில்லை. ஓர் இடம் மட்டும் ஈரமாக இருந்தது. வெதுவெதுப்பான ஈரம். பிள்ளை ஒன்றுக்குப் போன ஈரம்.

சட்டென்று கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். இனி வெளியே போகாது. உள்ளேதான் இருக்கும். தேடி எடுத்துவிடலாம்.

டிக்.

படத்தில் இவள் மட்டும். சாத்திய கதவு. தரை முழுக்கப் பார்த்தாள். விரலால் பெரிதாக்கி மூலை மூலையாகப் பார்த்தாள்.

பிள்ளை இல்லை.

கதவின் அடிப்பக்கம், வெளியிலிருந்து, தப் தப் என்று தட்டும் சத்தம் கேட்டது. சின்ன உள்ளங்கை.

டேப் கீழே விழுந்தது. தாழ்ப்பாளை இழுத்தாள். சாரலில் ஊறிய கதவு. வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். நகம் பிய்ந்தது.

"அம்மா."

வெளியிலிருந்து இல்லை. முதுகுக்குப் பின்னால். தெளிவாக.

ஜெர்லின் இன்னும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

வெளியே தட்டுவது நின்றது. ஈரச் சிமெண்டில் உள்ளங்கைகள் பதிகிற சத்தம். சம்ப் பக்கமாகத் தள்ளிப் போனது. இன்னும் தள்ளி.

திரும்பினாள். தொட்டில் சேலை உள்ளிருந்து விலகியது. ஜெர்லினின் முகம். சிரித்தது. தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டியது.

ஜெபஷீலாவின் மாரில் பால் கட்டிக்கொண்டு வலித்தது. ஜாக்கெட் நனைந்தது. வேண்டாம் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. கைகள் கேட்கவில்லை. தாழ்ப்பாளை விட்டுவிட்டு, தொட்டிலை நோக்கி நீண்டன.