ஃபேன் பக்கம்

ஐந்தாம் வகுப்பில் ஃபேன் இரண்டு. சுற்றுவது ஒன்று. அதனால் அமுதவல்லி டீச்சர் ஒரு விளையாட்டு வைத்திருந்தார். ஒருவர் பட அட்டையை எடுத்துப் பார்த்து, பேசாமல் நடித்துக் காட்ட வேண்டும். அவருடைய அணி அதை இங்கிலீஷில் ஒரு வாக்கியமாகச் சொன்னால் ஒரு மதிப்பெண். ஜெயிக்கும் அணிக்கு வாரம் முழுக்க ஃபேன் பக்கம்.

கீரமங்கலத்துப் பங்குனி வெயிலில் அது சின்னப் பரிசு இல்லை.

இலக்கியாவின் அணி ஃபேனுக்கடியில் இருந்தது; மற்ற அணி ஜன்னல் வெயிலில். இரண்டு அணியும் சமம். சமமாகவே முடிந்தால் இடம் மாறாது. மிச்சம் ஒரே அட்டை, ஜன்னல் அணிக்கு.

"யாரு வர்றீங்க?"

இருளாண்டி கை தூக்கினான். வகுப்பே திரும்பிப் பார்த்தது. பாடத்துக்காக அவன் கை தூக்கியது அதுவே முதல் தடவை.

"ஏய், ஃபேன் நமக்குத்தான்," என்று ஜெஸ்வின் இலக்கியாவின் காதில் சொன்னான்.

இருளாண்டி அட்டையைப் பார்த்தான். இல்லாத முந்தானையை இடுப்பில் செருகிச் சம்மணம் போட்டான். மடியிலிருந்து எதையோ இரண்டிரண்டாக எடுத்து வைத்தான். நாரைச் சுழற்றி இழுத்து முடிந்தான். நடுவில் வந்த ஆட்டை விரட்டினான். அங்கே ஆடும் இல்லை.

வீட்டில் பூக்கட்டிவிட்டுப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் அங்கே பாதிப் பேர்.

"ஷீ இஸ் மேக்கிங் எ கார்லண்ட்!" ஜன்னல் அணி அலறியது. பக்கத்து வகுப்பு சார் பயந்துபோய் எட்டிப் பார்த்தார்.

டீச்சர் அட்டையைத் திருப்பிக் காட்டினார். ஸ்வெட்டர் போட்ட வெள்ளைக்கார அம்மா. மடியில் நூல் உருண்டை. கையில் இரண்டு ஊசி.

"இவங்க கம்பளிச் சட்டை பின்னுறாங்கப்பா."

"நூலு இருக்கு. மடியில குமிஞ்சு கெடக்கு. பூவு இல்லையா டீச்சர்?" என்றான் இருளாண்டி.

"அவுட்டு! அவுட்டு!" ஜெஸ்வின் குதித்தான்.

இருளாண்டி தலையைக் குனிந்துகொண்டான். இனி இவன் கை தூக்கவே மாட்டான் என்று இலக்கியாவுக்குத் தோன்றியது. தலைக்கு மேலே ஃபேன் சுகமாகச் சுற்றியது. எழுந்திருக்க மனசே இல்லை.

எழுந்தாள்.

"டீச்சர், அவங்க சொன்ன வாக்கியம் சரிதானே? படத்துலதான் கொறை. சரி பண்ணட்டுமா?"

பென்சிலை எடுத்தாள். நூல் உருண்டை முழுக்கக் குட்டிக் குட்டி மல்லிகை வரைந்தாள். அது பூக்குவியல் ஆகிவிட்டது.

"அப்ப இந்த ஊசி?" என்றார் டீச்சர்.

"அது வாழநாரு டீச்சர். காஞ்சு வெறச்சுப்போச்சு."

"ஸ்வெட்டர்?"

இலக்கியா யோசித்தாள். "ஊட்டியில ஒக்காந்து கட்டுறாங்க."

டீச்சர் சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. ஜன்னல் அணிக்கு ஒரு மதிப்பெண் போட்டார்.

"நீ எந்தக் கட்சி?" என்று முனகிக்கொண்டே ஜெஸ்வின் பையைத் தூக்கினான்.

இடம் மாறியதும் ஜன்னல் வெயில் இலக்கியாவின் முதுகில் ஏறியது. ஃபேனுக்கடியிலிருந்து இருளாண்டி கூப்பிட்டான். "இலக்கியா, இங்கிட்டு வா. ஒருத்தருக்கு எடம் இருக்கு."

அவள் எழுவதற்குள் ஜெஸ்வின் போய் உட்கார்ந்துவிட்டான். இருளாண்டி அவனை இடித்துத் தள்ளி, இன்னொரு இடம் பண்ணினான்.

டீச்சர் அட்டைகளைப் பெட்டிக்குள் வைக்கப் போனார். இருளாண்டியின் கை மேலே போனது.

"டீச்சர், இன்னும் ஒண்ணே ஒண்ணு!"