தூசி கசியாத பெட்டி

விசிறி நின்ற பிறகும் துணிப்பை சுருங்கவில்லை.

யாகப்பு மிதியிலிருந்து காலைத் தூக்கிப் பார்த்தான். விசிறியைச் சுழற்றும் சைக்கிள் சங்கிலி அசையவில்லை. ஆனாலும், கொழும்புத்துறைக் கடலோரத்துச் சுண்ணாம்புக் கொட்டிலில் தனியாளாய் அவன் பூட்டிய அந்த நீளமான பலகைப்பெட்டியின் கடைசியில், சண்டைக் காலத்தில் நல்ல துணி கிடைக்காமல் பெண்சாதியின் பழைய சீலையில் தைத்த பை, உண்ட வயிறுபோல உப்பியபடியே இருந்தது.

சிப்பிச் சுண்ணாம்பைக் காற்றால் பிரிக்கிற பெட்டி அது. பருக்கை முதல் அறையில் விழும். நொய் அடுத்ததில். மாவிலும் மெல்லிய தூள் கடைசி அறைவரை பறந்துபோய் அடங்க, வெறுங்காற்று மட்டும் பைவழியே வெளியேற வேண்டும். "யாகப்பு காத்துக்குப் பட்டி கட்டுறான்" என்று ஊர் நக்கலடித்தது. ஊருக்கு என்ன, வாய் சும்மா கிடக்குமா? சூளைத் தூசியில் இருமி இருமி அவன் பெண்சாதி லூர்த்தம்மா பாசையூருக்கு, தாய்வீட்டுக்கே போய்விட்டாள். "ஒரு பொட்டுத் தூசி வெளியிலை வராமல் கட்டுங்கோ, நான் வாறன்" என்பதுதான் அவள் கடைசியாகச் சொன்னது. அன்றிலிருந்து அவனுக்குப் பழஞ்சோறும் பேச்சில்லாத வீடும்தான். தனிமை அவனைத் தின்றது.

அதனால்தான் மாப்பசை கிண்டி, இடுக்குக்கு இடுக்கு காகிதம் ஒட்டியிருந்தான். சோளகக் காற்று விழுந்துபோன மத்தியானம். ஓலை அசையவில்லை. சுட்ட சிப்பியும் கடற்சேறும் மணத்தன.

பை மெல்ல உள்ளே இழுபட்டது.

காற்று திரும்பி ஓடுகிறது. மிதிக்காமலே. ஒட்டிய காகிதங்கள் ஒவ்வொன்றாய்ப் பிரிந்தன. வெண்தூள் கசிந்தது. நிலத்தில் விழவில்லை. வாசலை நோக்கிப் போனது.

வாசலில் லூர்த்தம்மா நின்றாள்.

"எப்ப வந்தனீ? அங்காலை நில், தூசி!" சந்தோசத்தில் அவன் வாசலை நோக்கி ஓரடி வைத்தான்.

"பறவாயில்லை. இப்ப எனக்கு இருமல் இல்லை."

அவள் இருமவில்லைத்தான். தூள் மெல்லிய கோடாய் அவள் மூக்குக்குள் போய்க்கொண்டிருந்தது. நெஞ்சு ஏறியது. இறங்கவில்லை. மேலும் ஏறியது. பெட்டி வெறுமையானது. கொட்டிலில் காற்று தெளிந்தது. ஒரு பொட்டுத் தூசி இல்லை.

"லூர்த்து..."

குரல் வரவில்லை. அவன் சட்டை முன்னால் இழுபட்டது. விட்ட மூச்சு அவளிடம் போனது. அடுத்த மூச்சு கிடைக்கவில்லை.

அவள் இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள்.