சட்னி தோட்டத்துலங்க!

கணபதி பகுதியில் பட்டறைகள் நிறைந்த அந்த வீதிக்குள் சரியாகப் பத்து மணிக்கு நடுவர்கள் இருவரின் ஜீப் வந்து நின்றது. ஹிபா செருப்பைக்கூட மாட்டாமல் ஓடி வந்தாள்.

சும்மாவா? வீதித் தோட்டப் போட்டியில் முதலில் வார்டில் ஜெயித்து, பிறகு மண்டலத்தில் ஜெயித்து, இப்போது மாவட்டச் சுற்று. இதிலும் தேறினால் மாநிலப் போட்டி! நடுவர்கள் அன்றைக்கே பதினொரு வீதிகளைப் பார்க்க வேண்டும். அதனால் ஒரு தோட்டத்துக்கு இருபதே நிமிடம்.

குப்பை மேடாகக் கிடந்த இடத்தில் வீதியே சேர்ந்து ஆறு மாதம் வளர்த்த தோட்டம் அது. அதைச் சுற்றிக் காட்டும் பொறுப்பு ஐந்தாம் வகுப்பு ஹிபாவுடையது.

ஆனால் பக்கத்து லேத் பட்டறை அங்கப்பன் வாசலிலேயே மறித்துவிட்டார்.

“ஏனுங்க, மொதல்ல உக்காருங்க! காப்பி குடிச்சுப்போட்டுப் பாக்கலாம்.”

காப்பி வந்தது. பின்னாலேயே மிளகாய் பஜ்ஜியும் வந்தது.

“போதுங்க,” என்றார் நடுவர் அம்மா.

“அட, ரெண்டுதானுங்க சாப்பிட்டிருக்கீங்க!”

மறுத்தால் இவர் மனம் நோகுமே என்று அவரும் சாப்பிட்டார். பன்னிரண்டு நிமிடம் போயே போய்விட்டது. ஹிபாவுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

“மாமா, நேரமாச்சுங்க!” என்று கிசுகிசுத்தாள்.

“வந்தவங்க வயித்தைக் காயப்போட்டு அனுப்பினா நம்ம வீதிக்கு அழகா கண்ணு?” என்று அங்கப்பன் அடுத்த தட்டை எடுத்து வைத்தார்.

ஹிபா ஒரு நொடி யோசித்தாள். மேசையில் இருந்த சட்னிக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குள் ஓடினாள்.

“சட்னி எங்க கண்ணு?” என்று கேட்டார் நடுவர் அம்மா.

“தோட்டத்துல இருக்குதுங்க! இந்தப் புதினாவுல அரைச்சதுதானுங்க. வந்து பாருங்க!”

கையில் பஜ்ஜியோடு நடுவர்கள் உள்ளே வந்தார்கள். ஹிபா கிண்ணத்தோடு முன்னே முன்னே நடந்தாள். பழைய ஆயில் டிரம்களில் மிளகாய் கொத்துக் கொத்தாகக் காய்த்திருந்தது. பந்தலில் புடலங்காய்கள் நேராகத் தொங்கின. வளையாமல் இருக்க ஒவ்வொன்றின் நுனியிலும் கல்லுக்குப் பதில் ஒரு பட்டறை இரும்பு நட்டு கட்டியிருந்தது!

“இது யாரோட யோசனை கண்ணு?”

“அங்கப்பன் மாமாவோடதுங்க. எங்க வீதில கல்லை விட நட்டுதானுங்க ஜாஸ்தி!”

நடுவர் அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். “எத்தனையோ தோட்டம் பாத்துட்டேன். இப்படி ஒண்ணைப் பாத்ததில்லைங்க,” என்று மனதாரச் சொன்னார். கிண்ணம் காலியாகவும் இருபது நிமிடம் முடியவும் சரியாக இருந்தது.

மாலையில் செய்தி வந்தது. மாநிலப் போட்டிக்குத் தேர்வாகிவிட்டார்கள்! வீதியே ஹிபாவைக் கொண்டாடியது.

“மாமா, அடுத்த சுத்துல பதினஞ்சு நிமிசந்தானுங்களாம். பஜ்ஜி வேண்டாமுங்க!” என்றாள் ஹிபா கண்டிப்பாக.

அங்கப்பன் தலையைச் சொறிந்தார்.

“அதெப்படி கண்ணு? வேணும்னா அடுப்பையே தோட்டத்துக்குள்ள வெச்சுப்போடலாமா?”